நாற்பதைத் தாண்டாத கார்

தெருவில் அவருக்கு நாற்பது என்று பெயர். வயதை வைத்து அல்ல. ஓய்வுபெற்ற சர்வேயர், அறுபத்தைந்து முடிந்தாயிற்று. கார் முள் நாற்பதைத் தாண்டினால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். பால்காரர் சைக்கிளில் அவரை முந்திப்போய், பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது எதிரே ஒரு வணக்கம் வைப்பார்.

அவர் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை: அந்தக் காரில் தன் அக்கா வீட்டுக்குப் போவது. பஸ் ஏறினால் அந்த அம்மாவுக்குக் குடலே வெளியே வந்துவிடும். அக்காவுக்கோ முட்டி போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே நாலுகால் ஊன்றுகோல்தான். கார் வாங்கிய வாரமே மனைவி பையைக் கட்டி வைத்துவிட்டார். அதில் அக்காவுக்கென்று பின்னிய சால்வையும் இருந்தது.

கேட்கும்போதெல்லாம் நாற்பது ஒரே பாட்டுத்தான் பாடுவார். "அவ்வளவு தூரம் விரட்டினா இன்ஜின் தேஞ்சுடும்டி. பாத்துப் பாத்து வெச்சுக்கிட்டா நம்ம காலத்துக்கும் வரும்."

பன்னிரண்டு வருஷம் கார் கடைக்கும் டாக்டர் வீட்டுக்கும் போய்வந்தது. துடைப்பது மட்டும் தினம் இரண்டு வேளை.

மூன்று மாதத்துக்கு முன் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். சவவண்டிக்காரர் அவசரக்காரர், அறுபதில் பறந்தார். நாற்பது பின்னாலேயே தன் காரில் வந்து சேரும்வரை எல்லோரும் சுடுகாட்டில் காத்துக்கிடந்தார்கள். புருஷனை அந்த அம்மா முந்தியது அன்றைக்கு ஒருநாள்தான் என்று தெரு பேசியது. பேசிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

அக்காவால் அன்றும் வர முடியவில்லை. போனில் அழுது தீர்த்துவிட்டு, அந்தப் பையையாவது கொண்டுவந்து கண்ணில் காட்டச் சொன்னார். நாற்பது கிளம்பினார். முதல் மேம்பாலத்திலேயே கார் இருமிற்று, குலுங்கிற்று, படுத்துக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்காரர் காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி, விரலை விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெயும் கரியும் குழைந்த கருப்புப் பசை. வால்வுகளில் அதுவே இறுகி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"வண்டிய ஓட்டினீங்களா சார், தாலாட்டினீங்களா?"

நாற்பது பெருமையாகத்தான் சொன்னார்: நாற்பதுக்கு மேல் போனதில்லை, மூன்று கிலோமீட்டரைத் தாண்டியதில்லை.

"அதான் வினை. இன்ஜின் நல்லா சூடேறுறதுக்குள்ள அணைச்சுடுறீங்க. எண்ணெய் ஆவியெல்லாம் உள்ளயே படிஞ்சு கரியாயிடுச்சு. மாசம் ஒரு தடவை நெடுஞ்சாலைல விட்டிருந்தா இவ்வளவு சேர்ந்திருக்காது."

நாற்பது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வேலை நடந்த இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மருந்து அடித்து ஊறவைத்த இடத்தை பிரஷ்ஷை வாங்கித் தானே தேய்த்தார். சுரண்டிய கரி ஒரு பழைய பிஸ்கட் டப்பா மூடியில் சேர்ந்தது. ஒரு கைப்பிடிகூட வரவில்லை. பன்னிரண்டு வருஷக் கரி. எண்ணெய் ஆவியைப் பிடித்துவைக்க ஒர்க்‌ஷாப்காரர் ஒரு சின்னக் குப்பியைப் பொருத்தி, மாதாமாதம் கொட்டிவிடச் சொன்னார். காதில் விழுந்ததோ என்னவோ, நாற்பது தலையாட்டினார்.

மறுநாள் காலை பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்த ஆரம்பித்தது. சிறிது நேரம் கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெல்ட்டை இழுத்துப் பைக்கு மாட்டினார்.

நெடுஞ்சாலையில் முள் எண்பதில் நின்றது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அக்கா சால்வையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினார். பிறகுதான் எப்போது கிளம்பினார் என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு என்றார் நாற்பது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

"வந்து அரை மணி நேரம் இருக்குமா? அப்ப நாலு மணி நேரந்தானா? ஒருநாள் முழுக்க ஆகும்னுல்ல அவ சொல்லிக்கிட்டிருந்தா."

அவளுக்கு அப்படிச் சொன்னது யார் என்று அக்கா கேட்கவில்லை.

நாற்பது எழுந்து வெளியே போய், துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்து இருக்கைப் பக்கத்துக் கண்ணாடி. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.