மூடி திறக்காத தேக்சா

1

இந்தக் கதை ஒரே சொல்லிலிருந்து பிறந்தது: பார்சல். ஆம்பூரில் நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல்தான். ஆனால் அது மேகலாவின் போனில் வந்த விதத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நடுநிலை வேண்டுபவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஏலகிரி மலைமேல் மேகங்கள் கவிந்து...' (வேண்டாம். அடுப்பில் பிரியாணி இருக்கிறது. மேகத்துக்கு இப்போது என்ன அவசரம்?)

2

மேகலாவுக்கும் ஹுமேராவுக்கும் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷின். பிள்ளையுண்டானாள் என்று ஹுமேராவை வேலையைவிட்டு நிறுத்தியபோது, வழக்காடி அவளை மறுபடியும் அங்கே உட்காரவைத்தவர் வக்கீல் தேவகி. அவரை நேரில் பார்த்தால் ஹுமேராவுக்குப் பேச்சே வராது.

"நீயே போய்க் கூப்புடுடி. உன்கிட்டதான் தோஸ்த் மாதிரி பேசுவாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்கூட்ல ஒக்காந்து ஒரு வாய் சாப்புடணும், அவ்ளோதான்."

மேகலா போய்க் கூப்பிட்டாள். "ஹுமேரா பிரியாணியா? கண்டிப்பா வர்றேன்" என்றார் தேவகி. [அவர் சிரிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். அழகான சிரிப்புதான். படித்தால் உங்கள் கோபம் தணிந்துவிடும்.]

3

ஞாயிற்றுக்கிழமை. ஹுமேரா வீட்டில் பிரியாணித் தேக்சாவைத் தம் போட்டு, மூடிமேல் நெருப்புக் கரியும் பரப்பியாயிற்று. விருந்தாளி வந்து உட்காராமல் மூடியைத் திறப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.* போன் அடித்தது. மேகலா வாசலுக்கு வந்து எடுத்தாள்.

"மேகலா, டிரைவரை அனுப்பியிருக்கேன். பார்சல் கட்டிக் குடுத்துடு."

"நீங்க வரலியா மேடம்?"

"அவங்க வீட்டுக்குள்ள ஒக்காந்து சாப்புடறதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா. பிரியாணி வேற விஷயம்."

நமக்காம்! தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டதுதான் மேகலாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

* மூடி திறந்ததும் எழும் முதல் ஆவி விருந்தாளிக்கு. அதை எந்தப் பொட்டலத்தில் கட்டுவது?

4

தேவகிக்குக் காய்ச்சல் என்று மாற்றிப் பார்த்தேன். பேனா கூசியது. வழியில் லாரி கவிழ்ந்து... என்று தொடங்கினேன். லாரி எதுவும் கவிழவில்லை. காசு வாங்காமல் ஹுமேராவுக்காக வழக்காடியதும் இதே தேவகிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஹுமேரா குரல் கொடுத்தாள்.

"இன்னாடி, கார் சத்தம் கேக்குது? வந்துட்டாங்களா?"

டிரைவர் டிபன் கேரியரோடு இறங்கினார். மேகலா வாசலிலேயே அவரை மறித்தாள்.

"காலியாவே எடுத்துட்டுப் போங்கண்ணா."

5

ஹுமேராவிடம் என்ன சொல்வது என்று மேகலாவுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் மனசு உடையும், பொய் சொன்னால் அடுத்த ஞாயிறும் அவள் கூப்பிடச் சொல்வாள். முடிவு என்னிடமும் இல்லை.

உள்ளே விரித்த பாயில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஹுமேரா சார்பில் உங்களைக் கூப்பிடுகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் அவள் மூடியைத் திறப்பாள். வர முடியாதென்றால் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பார்சல் கிடையாது.