ஸாஹ்லேயின் பெண்

ரெனாட்டா வலது கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது இலியாஸ் மாமா ஆளனுப்பிக் கூப்பிட்டார். பாதிக் கட்டோடு எழுந்து போனாள். கிளப் அலுவலகத்தில் டீசல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் மூன்று கோப்பைக் காப்பி, ரிப்பன் கட்டிய ஓர் இனிப்புப் பெட்டி. எதிர் நாற்காலியில் வஜீஹ், இஸ்திரி போட்ட சட்டையும் புதிதாக வெட்டிய முடியுமாக உட்கார்ந்திருந்தான். தெரு முழுக்க ஜெனரேட்டர் மின்சாரம் விற்பவன். ஆட்டத்தன்று ரசிகர்களின் மேற்கு வரிசையில் பெரிய மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறவனும் அவன்தான். இவனுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே அவள் உட்கார்ந்தாள்.

"கூடைப்பந்துக் கூட்டமைப்புலேருந்து கடுதாசி வந்துடுச்சும்மா," என்றார் மாமா. "இந்த வருஷம் பொம்பளைங்க ஆட்டத்துல வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர்கூடக் கூடாதாம்."

"நம்மகிட்ட யாரு இருக்கா? அந்த செர்பியாக்காரிதான் போயிட்டாளே."

மாமா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் பிறந்தது சாவோ பாவ்லோவில். அப்பா பிரேசில்காரர். அம்மா ஸல்வா இதே ஸாஹ்லே ஊர்க்காரி. இதே இலியாஸின் கூடப்பிறந்த அக்கா. ரெனாட்டா இருபத்திரண்டு வயதில் இங்கே கூடைப்பந்து ஆட வந்தவள், ஒன்பது வருடங்களில் இந்தக் கிளப்புக்கு இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், ஒரு முழங்காலையும் கொடுத்திருக்கிறாள். அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்று விதி இருந்தவரை யாரும் எதையும் கிளறவில்லை. வருடா வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றபோதுகூட அது வெறும் காகித வேலை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தாத்தாவின் குடும்பப் பதிவுத் தாளை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதில் அம்மாவின் பெயர் இருந்தது, பக்கத்தில் 'அந்நியரை மணந்தவர்' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இந்த நாட்டில் பிள்ளை அப்பன் பெயரில்தான் பிறக்கும்; அம்மா சும்மா பத்து மாதம் தூக்கிச் சுமந்தவள்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு," என்று மாமா பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "நம்ம வஜீஹைக் கட்டிக்கோ. பொண்டாட்டிக்கு ஒரு வருஷத்துல குடியுரிமை குடுத்துடுவாங்க. அந்த ஒரு வருஷமும் வேணாம். ஃபாதர்கிட்ட பேசிட்டேன், சர்ச் பதிவேட்டுல போன வருஷத் தேதி போட்டுத் தருவாரு. முக்தார் முத்திரை என் பைக்குள்ளதானே இருக்கு? குத்திடுறேன்."

பேட்டையின் முக்தார், அதாவது பதிவுகளைச் சான்றளிக்கும் ஊர்த்தலைவர், மாமாதான்; அங்கே யார் பிறந்தாலும் இறந்தாலும் மணந்தாலும் அந்த முத்திரை விழுந்தால்தான் செல்லும்.

வஜீஹ் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வேணாங்க. நீங்க ஆடணும், அவ்வளவுதான்," என்றான். அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அயோக்கியனாக இருந்திருந்தால் பெட்டியை அவன் முகத்தில் அடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

முப்பத்தொரு வயது. தைத்துப் போட்ட முழங்கால். ஒரு வருடம் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிடலாம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை ஆடலாமா என்றுகூட அவள் மனம் கணக்குப் போட்டது. அதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் இளகுவதை மாமா கண்டுகொண்டார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நாளைக்கே ஒரு பையன் பொறந்தான்னு வை, உன் உயரம் அப்படியே இருக்கும். நேரா தேசிய அணிதான். நம்ம ஊரு ரத்தமாச்சே!"

"என் வயித்துல பொறந்தா உங்க ஊரு ரத்தம். உங்க அக்கா வயித்துல பொறந்தா வெளிநாட்டுக்காரியா?"

"சட்டம் நான் போட்டதாடி?"

"இல்ல. ஆனா நடக்காத கல்யாணத்தைப் போன வருஷத் தேதியில குத்தத் தெரியுது. உங்க அக்காவுக்கு ஒரு மக இருக்கான்னு உண்மையைக் குத்த மட்டும் உங்களுக்குக் கை வரலை." காப்பிக் கோப்பை அடுப்பில் பட்டுச் சிதறியது. எப்போது எறிந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாமாவின் கை தன்னையறியாமல் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மதியம் பருவத்தின் முதல் ஆட்டம். ஒன்பதாம் எண் சட்டையோடு போய் அணியின் இருக்கையில் உட்கார்ந்தாள். நடுவர் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பேர் இல்லாதவங்க இங்க உக்காரக் கூடாதும்மா," என்று தணிந்த குரலில் சொன்னார். தோழிகள் தரையைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, படியேறி, மேற்கு வரிசைக்குப் போனாள்.

பந்தை மேலே தூக்கிப் போட்டார்கள். ஒன்பது வருடப் பழக்கம். வஜீஹின் கைகள் தாமாகவே மேளத்தில் விழுந்தன. தம், தம், ததம். மொத்த வரிசையும் எழுந்து நின்று, கைதட்டி, "ஸாஹ்லேயின் பெண்! ஸாஹ்லேயின் பெண்!" என்று அவளுக்கான கோஷத்தைக் கூரை அதிரக் கத்தியது. கீழே சிறப்பு இருக்கையில் இலியாஸ் மாமாவும் பழக்கதோஷத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வஜீஹ் முன்னால் போய் நின்றாள். அவன் கை அந்தரத்தில் நின்றது. "மன்னிச்சுடுங்க, நான் வேணும்னு…" என்று எதையோ ஆரம்பித்தான். அவள் மேளத்தை அவன் மடியிலிருந்து எடுத்தாள், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், தன் மடியில் வைத்துக்கொண்டாள். தாளம் போனதும் கத்தல் வரிசை வரிசையாக அறுந்தது. கடைசியில் தரையில் காலணிகள் கீச்சிடுவதும் பந்து குதிப்பதும் மட்டும் கேட்டன. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின, மாமாவின் தலையும்தான். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மேளத்தின் தோல்மேல் பரப்பி, அது இம்மியும் அதிராதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.