பெல்ட் சரியாகவில்லை

...இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா, வேண்டாமா, பெருவிரலால் நடுவில் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும், இறங்காவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும், இதெல்லாம் எனக்குத் தெரியாததா, தெரிந்தும் நேற்று என் பெண்சாதி சுமித்ராவின் பேச்சைக் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள், எது வழுக்கினாலும் அவளுக்கு ரப்பர் பால்தான் மருந்து, "கொஞ்சம் தடவிப் பாருங்க, கவ்விக்கிரும்" என்று சிரட்டையோடு வந்து நின்றாள். நானும் புத்தி கெட்டுப்போய்த் தடவினேன். கவ்வியது, நன்றாகவே கவ்வியது, விருந்தினர் பங்களாப் புல்வெளியில் பாதி தூரம் போவதற்குள் சூடேறி இளகி, கப்பியெல்லாம் அப்பிக்கொண்டு, ஐயோ அந்த நாற்றம்... விடிந்ததிலிருந்து மண்ணெண்ணெயும் துணியுமாக இந்தப் புல் வெட்டும் வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன், புதுப் பெல்ட்டையும் மாட்டியாயிற்று, முதுகு விட்டுப் போய்விட்டது.

போன் அடிக்கிறது, அவள்தான். "என்னாங்க, வேன் வந்திருச்சி, புள்ள ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிது." "பெல்ட்டு இன்னும் சரியாகல, இந்தா வாறேன்." "பெல்ட்டு எங்கயும் ஓடிறாது, மொதல்ல நீங்க வாங்க!" வைத்துவிட்டாள். தனுஜா இன்று குவைத்துக்குப் போகிறாள், யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துக்கொள்ள. போகட்டுமா அப்பா என்று கேட்டபோது உன் இஷ்டம் என்றேன், அதற்குப் பிறகு சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, என்ன மனுஷன் நான். பங்களா மனேஜர் மாத்தயா நல்லவர், "யோகராஜ், மகள் போற நாள்தானே, புல்லைப் பிறகு வெட்டலாம், நீ போ" என்று காலையிலேயே சிங்களத்தில் சொல்லிவிட்டார். நான்தான் "இல்லை மாத்தயா, சாயந்தரம் பங்களாவுக்குக் கல்யாணப் பார்ட்டி வருதே" என்று பெரிய பொறுப்புக்காரன் போலச் சொன்னேன்...

அழுத்திப் பார்க்கிறேன். அரை அங்குலம். கொஞ்ச நேரத்துக்கு முன்பும் அரை அங்குலம்தான், அதற்கு முன்பும். பிறகு எதற்கு இந்த நட்டைத் தளர்த்துவதும் இறுக்குவதும்... கை மறுபடி ஸ்பானரைத் தேடுகிறது, சனியன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன், சொன்னால் நின்றுவிடுவாள், நின்றால் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது, தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவும் அம்மாவின் பால் வாளியும்தானே. அதனால்தான் போகாமல் கிடக்கிறேன், பிள்ளையின் நல்லதுக்காக. கீழே லயத்துப் பக்கம் வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான். நட்டு தளர்கிறது, பெல்ட் தொய்ந்து விரலில் படுகிறது. பிள்ளையின் நல்லதுக்காகத்தானா? சொன்னால் நின்றுவிடுவாள் என்று எனக்கு யார் சொன்னது... நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே தாயி என்று வாய்விட்டுக் கேட்டும், சரிப்பா, போயிட்டு வாறேன் என்று அவள் ஏறிவிட்டால்?