ஜன்னல் சாத்திய கோடை

“தண்ணி யார்கிட்ட கேட்டுட்டு உள்ள வந்துச்சு?” என்று தில்டா ஒருமுறை கேட்டாள். நிலவறைப் படிகளின் பாதியில், கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்தாள். கீழே ரோஸ்விதா முட்டிபோட்டு, பழைய துண்டால் தரையை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்தக் குழந்தை எதையும் கேட்டுத்தான் செய்யும். நாற்காலியில் உட்காரக் கேட்கும். இன்னொரு துண்டு ரொட்டி எடுக்கக் கேட்கும். கழிவறைக்குப் போகக்கூடக் கேட்கும். ஆறு வயதுக்குள் வளர்ப்பு வீடுகள் பலவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவள்.

இந்த வீட்டிலாவது அவள் தங்குவாளா என்பது இப்போது நிலவறைச் சுவரின் கையில் இருந்தது. குழந்தைகள் நல அலுவலகத்து ஓஸ்தர் அம்மாள் போன முறை வந்தபோது கூடத்தில் நின்று மோப்பம் பிடித்தாள். பிறகு தானே போய் நிலவறைக் கதவைத் திறந்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கு. இந்தப் பூஞ்சை வாடை மேல வரைக்கும் வருது. ஆகஸ்ட்ல திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் எழுதித்தான் ஆகணும்” என்றாள். நல்ல பெண். அதனால்தான் ரோஸ்விதாவுக்குப் பயமாக இருந்தது. நல்லவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

சுவரைப் பார்க்க வந்த, ஈரம் தடுக்கும் நிறுவனத்து ஆள், வீட்டைச் சுற்றி வெளியே அடிவரை தோண்டவேண்டும் என்றான். அவன் சொன்ன தொகைக்கு வீட்டையே விற்கவேண்டும். பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் தனி ஆள் அவள். மலிவு விலையில் ஈரம் தடுக்கும் வண்ணம் வாங்கித் தானே பூசினாள். சில நாளில் அது பாலாடைபோல் உப்பி வெடித்து, பின்னால் இருந்த தண்ணீர் வழிந்தது. ஒரு சுவருக்காக ஆண்டவரிடம் மன்றாட அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மன்றாடினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தென்ஹாகன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி ஹன்னெலோரெயை இழந்தவர்.

“என்னம்மா, கீழ வாத்து வளக்கறியா? எப்பப் பாரு தண்ணியை வாளி வாளியாக் கொட்டுற.”

“சிரிக்கிற நிலைமைல இல்ல ஐயா.”

“சிரிக்க யார் சொன்னா? முட்டை போட்டா எனக்கும் ரெண்டு குடு.”

சொல்லிவிட்டு அவள் வீட்டுக் கூரைக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் நேராகச் சுவரின் அடியில் கொட்டும் இடம் அது. அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பியபோது, அந்தக் கூரைக் குழாயின் வாயோடு ஒரு நீளக் குழாய் பொருத்தப்பட்டு, பூச்செடிகளின் ஓரமாகச் சரிந்து புல்வெளிவரை போயிருந்தது. அவருடைய கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த குழாய்.

“ஐயா, இது நீங்களா?”

“எது? நான் காலைலேருந்து தூங்கறேன்.”

மறுநாள் கைத்தடியோடு நொண்டினார். முட்டிக்கு என்ன என்றால், “வயசு” என்றார். “ஊர் பூரா சுத்தலாம். கல்லறைத் தோட்டத்து மேடுதான் ஏற முடியல. ஹன்னெலோரெ மேல வெச்ச பூவெல்லாம் கருகியிருக்கும். பாக்கறவன் என்னைத்தான் திட்டுவான்.”

“நான் போயிட்டு வரட்டுமா?”

“நீ உன் வாத்தைப் பாரு.”

தரையில் தண்ணீர் தேங்குவது நின்றது. ஆனால் ஜூலை வெக்கையில், மழையே இல்லாத நாட்களில், சுவர் மறுபடி நனைந்தது. ரோஸ்விதா எல்லோரும் செய்வதையே செய்தாள்: நிலவறை ஜன்னல்களை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அகலத் திறந்து வைத்தாள். காற்றாடாத வீடு கழுவாத முகம் என்று நம்பும் ஊர். பனிக்காலத்திலும் படுக்கையறை ஜன்னலைத் திறந்து போர்வையை உதறுவார்கள். ஆனால் எவ்வளவு திறந்தாளோ அவ்வளவு நனைந்தது. தோண்டத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாள். தில்டாவின் உடுப்புகளை மடிக்கும்போது, எந்தப் பெட்டியில் இவையெல்லாம் கொள்ளும் என்று மனம் கணக்குப் போட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஆப்பிள் சாறு பாட்டில் மேசையில் இருந்தது. அதன் அடியில் வட்டமாகத் தண்ணீர். தில்டா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நான் கொட்டல அத்தை. சத்தியமா நான் கொட்டல.”

“தெரியும்டா கண்ணு. யாரும் கொட்…”

மூடி திறக்கவே இல்லை. பாட்டிலின் தோள் முழுக்க முத்து முத்தாக நீர். ரோஸ்விதா விரலால் தொட்டாள். பிறகு கீழே இறங்கிப் போய்ச் சுவரைத் தொட்டாள். அதே குளிர், அதே முத்துகள். தலைக்கு மேலே திறந்த ஜன்னல் வழியாக ஈரம் சுமந்த புழுக்கக் காற்று தாராளமாக இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அவளேதான் அதை உபசரித்து உள்ளே விட்டிருக்கிறாள்.

பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தினாள். பாவம் செய்வதுபோல் கை கூசியது.

“யார் வீட்டுத் துக்கம்? எல்லாத்தையும் சாத்தி வெச்சிருக்க” என்று வேலியிலிருந்து குரல் வந்தது. ரோஸ்விதா அடுத்த ஜன்னலுக்கும் கொண்டி போட்டாள். விடியற்காலைக் குளிர்ச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தாள். சுவரோரம் விரித்த செய்தித்தாள் நாளுக்கு நாள் மொடமொடப்பானது.

சொன்னபடி ஆகஸ்டில் ஓஸ்தர் அம்மாள் வந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து வெகுநேரம் நின்றாள். மேலே தில்டா தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

“அக்டோபர் மழைல இன்னொரு தடவை பாத்துடறேன்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் பிள்ளை எங்க போகும்? இங்கதான்.”

சனிக்கிழமை, தில்டா ஒரு தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தபோது, ரோஸ்விதா கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஏறினாள். வெயிலில் அங்கே யாரும் இல்லை. குழாயடியில் மாட்டியிருந்த பூவாளியை நிரப்பி எடுத்துக்கொண்டு, ஹன்னெலோரெ தென்ஹாகன் என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். பெகோனியாப் பூச்செடிகள் துவண்டிருந்தன. முட்டிபோட்டுக் கருகியவற்றைக் கிள்ளிப் பையில் போட்டாள். களை பிடுங்கினாள். தண்ணீர் ஊற்றினாள். அது வெடித்த மண்மேல் தயங்கி நின்று, பிறகு கீழே இறங்கியது. இந்தக் கோடையில் முதல்முறையாக, எங்கே போகிறதோ போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தபோது ஈரமண்ணில் அவள் முட்டிகள் பதிந்த இரண்டு குழிகள் தெரிந்தன. குனிந்து, வந்த தடம் தெரியாதபடி உள்ளங்கையால் அவற்றைத் தடவிச் சமமாக்கினாள்.