பதினோரு அடி நடைவழி

2021 செப்டம்பரில், அக்சாவுக்குப் பதினைந்து வயது நிறைந்த வாரம், ஆம்பூரில் எபனேசர் வீட்டுச் சமையலறைக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவிலுள்ள நடைவழி பதினோரு அடியிலிருந்து நாற்பத்திரண்டு அடியாக நீண்டது. வீட்டின் வெளிச்சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவின் துணிக்கொடி இருந்த இடத்திலேயே இருந்தது. நீண்டது உள்ளே மட்டும்தான். அக்சாவின் தாய் கிரேஸி காலைக் காப்பியோடு கிளம்பி, வழக்கம்போல் நான்கு எட்டு வைத்துக் கதவைத் தட்டக் கையை நீட்டினாள். கை வெறுங்காற்றில் போயிற்று. அவள் ஷூ கம்பெனியில், மாதிரி ஜோடிகள் தைத்துப் பார்க்கும் சாம்பிள் ரூமில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள். கைப்பையில் எந்நேரமும் அளவு டேப் இருக்கும். காப்பியைத் தரையில் வைத்துவிட்டு அளந்தாள். நாற்பத்திரண்டு அடி, மூன்று அங்குலம். வேலூர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் குமாஸ்தாவான எபனேசர் அப்போது ரயிலுக்கு நேரமாகிறதென்று தலைவாரிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர், டைல்ஸ் எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். பெயரவில்லை. நீண்ட பகுதியிலும் பழைய டிசைன் டைல்ஸே ஒழுங்காகப் பதிந்திருந்தது. அந்த டிசைன் நின்றுபோய் ஐந்து வருடம் ஆயிற்று என்று வாணியம்பாடிக் கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். அவர் பேச்சை இனி நம்புவதற்கில்லை என்று எபனேசர் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

இந்த நீளம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அக்சா தோசைக்கு வரும்போது நாலே எட்டில் வந்தாள், தின்றுவிட்டு நாலே எட்டில் போனாள். தம்பி ஜோவினுக்கு அப்போது பதினொரு வயது. அவனும் பந்தைத் தட்டிக்கொண்டு பதினோரு அடியிலேயே போய்வந்தான். கிரேஸியும் எபனேசரும் போனால்தான் வழி நீண்டது, அதுவும் கேள்விக்குத் தக்கபடி. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒன்றும் ஆகாது. போனில் யார் என்று கேட்டால் முப்பது அடி கூடும். 'எங்க காலத்துல' என்று ஆரம்பித்தால் ஒரு பர்லாங்கு உறுதி. எபனேசருக்கு அந்த வார்த்தை வாயிலேயே இருந்ததால், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குள் நடைவழி அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அவர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். முக்கால் வழியில் பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். கிரேஸி தம்ளரை விட்டுவிட்டுப் பிளாஸ்க்குக்கு மாறினாள். அப்படியும் கதவருகே போய்ச் சேர்வதற்குள் அக்சா சமையலறைக்கு வந்து தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் போயிருப்பாள்.

ஜஹீருன்னிசா இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. மாடியில் காயவைத்த மிளகாயைத் துழாவியபடியே, தன் மகன் யாசிர் பதினொன்றாவது படிக்கும்போது தன் வீட்டு மாடிப்படி பதினாலிலிருந்து இருநூற்றாறு ஆன கதையைச் சொன்னாள். இரண்டு வருடம் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஏறினாளாம்.

"ரொம்ப பேஜார்தான் கிரேஸி. ஆனா போறத மட்டும் நிறுத்தாத. கேள்விய கம்மி பண்ணு, நடைய ஜாஸ்தி பண்ணு."

"அப்புறம் எப்ப கொறஞ்சுதுக்கா?"

"அவன் துபாய் போன அன்னிக்கி," என்றாள் ஜஹீருன்னிசா.

நடையை நிறுத்தாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைக் கிரேஸி எபனேசரிடம்கூடச் சொன்னதில்லை. நடைவழி நீள நீள, சுவரோரம் பழைய சாமான்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன. முதல் நூறு அடிக்கு வெறும் சுவர். அதற்கப்புறம், வெள்ளையடிப்பில் மறைந்துபோன பென்சில் கோடுகள், அக்சாவின் உயரம் தேதியோடு. இன்னும் கொஞ்சம் தள்ளி, வேலூர் ரயிலில் தொலைந்ததாக நினைத்த ஒற்றைக் காலுறை. இருநூறாவது அடியில் பெடல் உடைந்த சிவப்பு மூன்றுசக்கர சைக்கிள். அது பழைய இரும்புக்காரனிடம் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அரைக் கிலோமீட்டர் தாண்டினால் அமிர்தி அருவியின் சத்தம் கேட்கும், அங்கே தரை லேசாக ஈரமாகவும் இருக்கும். நாலு வயசில் அக்சா அந்தத் தண்ணீரில் செருப்பை விட்டுவிட்டு, அது கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்பாள். அப்போது கேள்விகள் எல்லாம் அவளிடம் இருந்தன. கிரேஸி அந்த இடத்தில் நின்றுவிடுவாள். கதவுக்குப் போய்ச் சேரத் தாமதம் ஆனதில் பாதிப் பழி தூரத்தைச் சேராது.

இனி ஷூ விஷயம். கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வருடாவருடம் வாசலில் ஸ்டார் கட்டிய மறுநாள் கிரேஸி பிள்ளைகளைக் கட்டிலில் உட்காரவைத்து, தான் கீழே உட்கார்ந்து, பாதத்தை மடியில் ஏந்தி, அடியில் அட்டையைக் கொடுத்துப் பேனாவால் சுற்றி வரைவாள். கூசுகிறது என்று காலை இழுப்பார்கள், கோடு கோணும், திரும்ப வரைவாள். அட்டையில் பேரும் தேதியும் எழுதி, சாம்பிள் ரூமில் கேட்டு வாங்கிவந்த துண்டுத் தோலில் தன் கையாலேயே வெட்டித் தைப்பாள். அட்டைகள் எல்லாம் ஷூ லேஸால் கட்டப்பட்டு அரிசி டின்மேல் இருந்தன. ஒரு வயது அக்சாவின் பாதம் பிஸ்கட் பாக்கெட் அளவுதான். ஊரில் எத்தனையோ பேர் வெளிநாட்டுக் கால்களுக்கு ஷூ தைக்கிறார்கள், தன் பிள்ளை காலுக்குத் தைப்பவள் தான்தான் என்று கிரேஸிக்கு உள்ளூரப் பெருமை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

2023 டிசம்பரில் அந்தப் பெருமை உடைந்தது. அந்த வருட ஷூவைக் கொடுக்க ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து போனவள், கதவுக்கு வெளியே ஸ்டாண்டின் பின்னால் முந்தைய இரண்டு வருட ஜோடிகளும் கிடப்பதைக் கண்டாள். குதிகால் மிதிபட்டு மடங்கியிருந்தது, தேய்மானமே இல்லை. இரண்டு கிறிஸ்துமசுக்கும் கோயிலுக்குப் போகும்போது போட்டுவிட்டு, வந்ததும் கழற்றி எறிந்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் தோழி ஹஃப்ஸாவோடு போய் வாங்கிய ரப்பர் செருப்புதான்.

"அம்மா தைச்சது போட்டுக்க அசிங்கமா இருக்கா உனக்கு?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. விடு."

விடவில்லை. நின்ற இடத்தில் பதினைந்து கேள்விகள் கேட்டாள். கதவு மூடியது. திரும்பி நடந்தபோது நடைவழி நாலு கிலோமீட்டராகியிருந்தது. அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மத்தியானம் சாம்பிள் ரூமுக்குப் போய், ஒருத்தியை உட்காரவைத்துக் காலை அளந்துகொண்டிருந்த புதுப் பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தாள். நிற்கவைத்து அள, பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும், இதுகூடத் தெரியாமல் என்ன வேலைக்கு வந்தாய் என்று. திட்டு சரிதான். கோபம் வேறெங்கோ இருந்து வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. அக்சாவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் முதல் வாரம் விடுதியில் சேரவேண்டும். பெட்டி வாங்கினார்கள், பக்கெட் வாங்கினார்கள், ஜஹீருன்னிசா எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். ஷூவைப் பற்றி யாரும் பேசவில்லை. தான் தைத்த எதையும் மகள் காலில் போட்டுக்கொள்ளாமல் இந்த வாசலைத் தாண்டிவிடுவாள், அதற்கப்புறம் கேட்பதற்கு இடமே இருக்காது என்று கிரேஸி பயந்தாள். மிச்சம் பதிமூன்று நாள் இருந்தபோது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புது அட்டை, பேனா, ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு வாழைப்பழத்தோடு கிளம்பினாள். நடைவழி அப்போது ஆறரைக் கிலோமீட்டர்.

சிவப்பு சைக்கிளருகே நிற்கவில்லை. அருவிச் சத்தத்தில் நிற்கவில்லை, காலை மட்டும் நனைத்துக்கொண்டாள். மூன்றாவது கிலோமீட்டரில் அம்மை போட்டிருந்த வாரத்தின் வேப்பிலை வாசம், நாலாவதில் ஏலகிரிப் படகுத்துறையின் குளிர். ஐந்துக்குமேல் ஒன்றுமே இல்லை, வெள்ளைச் சுவர் மட்டும். அது அக்சா தானாக வாழ்ந்த வருடங்கள், அதில் கிரேஸிக்குத் தெரிந்தது எதுவுமில்லை. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில்தான் அவளுக்கு அழுகை வந்தது. கதவைத் தட்டும்போது மணி மூன்றே கால்.

அக்சா திறந்தாள். அம்மாவின் வேர்த்த முகத்தைப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டினாள். கிரேஸி ஒரு கேள்வியும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து, மடியைத் தட்டினாள்.

"கால குடு."

அக்சா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பிறகு பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"மா, ஒன்னு சொல்லட்டா? அழக்கூடாது."

"சொல்லு."

"நீ தைக்கிற ஷூ மூணு வருஷமா கடிக்குது. விரல்லாம் மடங்கிக்குது. சொன்னா நீ கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல. கம்பெனில எல்லாரையும் நிக்கவெச்சிதான அளப்ப? என்னை மட்டும் இன்னாத்துக்கு மடியில வெச்சே அளக்கற?"

கிரேஸி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பதினேழு அட்டை, பதினேழு வருடம். சின்ன வயதில், வளரும் கால் என்று அரை சைஸ் கூட்டித் தைத்ததால் தெரியாமல் போயிருக்கிறது. ஊரார் காலுக்கெல்லாம் ஒழுங்காக அளந்தவள், பெற்ற பிள்ளையின் காலைப் பாரமில்லாத காலாகவே அளந்து வந்திருக்கிறாள். அவள் அழவில்லை, சிரித்தாள், சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அட்டையைத் தரையில் போட்டாள். அக்சா எழுந்து அதன்மேல் நின்றாள். மடியில் இருந்தவரை கைக்குள் அடங்கிய பாதம் தரையில் அகலமாக விரிந்தது. கிரேஸி மண்டியிட்டு, தலையை அவள் முழங்காலளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, ஒரே இழுப்பில் வரைந்தாள். கோடு கோணவில்லை. தடுமாறாமல் இருக்க அக்சா அம்மாவின் தோளில் கை வைத்திருந்தாள். கை வைத்தபடியே, யாரும் கேட்காமல், பேச ஆரம்பித்தாள். ஹஃப்ஸாவோடு போட்ட சண்டை, கோயம்புத்தூரை நினைத்தால் ராத்திரி தூக்கம் வராதது, இன்னும் என்னென்னவோ. இரண்டு பாதத்தையும் வரைந்து முடித்த பிறகும் கிரேஸி எழுந்திருக்கவில்லை.

"இருட்டறதுக்குள்ள கெளம்பணும், ஆறரை கிலோமீட்டர்," என்றாள் கடைசியில்.

"கைய புடி மா," என்றாள் அக்சா. பிடித்தாள். நாலு எட்டில் சமையலறை வந்துவிட்டது. இதை மூன்று வருடமாக ஒருத்தரும் யோசிக்கவில்லையே என்று எபனேசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரேஸிக்கு மட்டும், சைக்கிளை ஒருதரம் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று இருந்தது.

ஒன்பதாம் நாள் ஷூ தயாரானது. ஒரு சைஸ் கூடுதல், பழுப்புத் தோல், இரட்டைத் தையல். அக்சா அதைப் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய கிரேஸி பழக்கத்தில் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடைவழியில் இறங்கினாள். நாலாவது எட்டில் நெற்றி கதவில் இடித்தது. டேப் வைத்து அளந்தாள். பதினோரு அடி. சுவரில் பென்சில் கோடு இல்லை, அருவி இல்லை, ஒன்றுமில்லை. அன்றும் அதற்கடுத்த வாரங்களிலும் அந்தப் பதினோரு அடியை அவள் தினம் பத்துமுறை நடந்தாள். பக்கமாக இருப்பது இவ்வளவு கொடுமை என்று ஜஹீருன்னிசாவிடம் சொன்னபோது, அவள் தலையாட்டிவிட்டு, யாசிரின் பதினாலு படிகளையும் தான் இன்னும் எண்ணித்தான் ஏறுவதாகச் சொன்னாள்.

டிசம்பரில் ஸ்டார் கட்டிய மறுநாள் கிரேஸி ஜோவினைத் தரையில் நிற்கவைத்து அளந்தாள். அவனுக்குப் பதினாலு முடிந்திருந்தது, மீசை அரும்பியிருந்தது. அளந்து முடித்து, போனில் யாரோடு அவ்வளவு சிரிப்பு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். மறுநாள் காலை காப்பியோடு போனவளின் கை காற்றில் போயிற்று. நாற்பத்தோரு அடி. தூரத்தில், சுவரோரம், ஜோவின் மூன்று வயதில் தொலைத்த மஞ்சள் பந்து கிடந்தது. கிரேஸி திரும்பி வந்து, மிச்சத் தோலில் தனக்கென்று நின்ற காலில் அளந்து தைத்து வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காப்பியைப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். கம்பெனி பஸ் வந்தால் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் என்று எபனேசரிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.