புளி போட்டுத் தேய்த்த கடிகாரம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மண்ணரையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஒன்றும் ஓடவில்லை. எல்லார் கையிலும் துடைப்பமும் ஈரத்துணியும். கட்டிங் மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிக்கிற சின்னத்தாயை, கை சுத்தமானவள் என்று ஆபீஸ் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டு நின்று ஒரு மாசமாகிறது. பூஜை முடிந்ததும் வெட்டுகிற மிஷினை அவள் கையில் கொடுப்பதாக முதலாளி ஆறுச்சாமி வாய்விட்டே சொல்லியிருந்தார். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து பதினாலு வருஷம் சுருக்கமில்லாமல் விரித்துக் கொடுத்தாயிற்று. இனி அவளே வெட்டுவாள்.

ஆபீஸில், கம்பெனியில் சரக்கு வாங்குகிற பிரெஞ்சுக்காரப் பையர் பரிசாகக் கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது. அவர்கள் ஊரில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே வைப்பார்களாம். இருநூறு வயசு. கருஞ்சிவப்பு ஆமை ஓட்டில் பித்தளையைக் கொடி கொடியாகப் பதித்திருந்தது. பித்தளைதான் கறுத்துக் கிடந்தது. முதலாளியம்மா வள்ளியாத்தாள் எட்டிப் பார்த்து, குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாள். சின்னத்தாய் சொன்னதைச் செய்தாள். முகப்பில் தண்ணி போகாமல் பாலித்தீன் கவரைக் கட்டிவிட்டு, நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்து, கழுவி, வெயிலிலும் வைத்தாள்.

சாயங்காலம் பார்த்தால் பழைய பசை விட்டுப்போய், பித்தளைக் கொடியெல்லாம் நெளிந்து எழுந்து நின்றது. இடப்பக்கத்து ஆமை ஓட்டில் மூன்று துண்டுகள் புளித் தண்ணியோடு சாக்கடைக்குப் போய்விட்டன.

ஆறுச்சாமி குதித்தார். வியாழக்கிழமை பையர் வருகிறார், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது என்றார். வள்ளியாத்தாள் சாமி படத்துக்குப் பூ வைப்பதிலேயே குறியாக இருந்தாள். சின்னத்தாய் ஒரு தடவை அவளைப் பார்த்தாள். தேய்க்கச் சொன்னவள் அடுத்த படத்துக்குப் பூவை எடுத்தாள்.

"மிஷினப் புடிக்கறேன்னியே, இதுதான் உன்ற கை லட்சணமா?" என்றார் ஆறுச்சாமி.

"நானே சரி பண்ணித் தாரேன் மொதலாளி. பண்ணிட்டா மிஷின் எனக்குத்தானே?"

"பண்ணிட்டு வா, மிஷின் உனக்குத்தான்."

பூஜை லீவு இரண்டு நாளும் அவள் கட்டிங் மேஜையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சங்கதி பிடிபட்டது. இடப்பக்கத்தில் எங்கெல்லாம் பித்தளையோ, வலப்பக்கத்தில் அங்கெல்லாம் ஆமை ஓடு. இங்கே ஓடு என்றால் அங்கே பித்தளை. அட, இது நம்ம வேலையல்லவா! பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறான் இதைச் செய்த மகராசன். இதில் விழுந்ததை அதில் பதித்துவிட்டான், வேஸ்ட்டே கிடையாது. அப்படியானால் காணாமல் போன மூன்று துண்டுக்கும் அளவு வலப்பக்கத்தில் பித்தளையாகவே உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பேட்டர்ன் தாளை வைத்து அளவெடுத்தாள். ஆமை ஓட்டுக்கு எங்கே போக? தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக், நிறம் மட்டும் அச்சு அசலாக அதே கருஞ்சிவப்பு. அயர்ன் பாக்ஸை வைத்து அதைத் தட்டையாக்கி, பிளேடால் மூன்று துண்டு வெட்டினாள். தச்சுப் பட்டறையில் வச்சிரப் பசை வாங்கி வந்து ஒட்டினாள். நெளிந்த பித்தளையின் மேல் பனியன் துணியைப் போட்டு இளஞ்சூட்டில் தேய்த்தாள். துணி நகராமல் இருக்க வைக்கிற இரும்புக் கட்டிகளை மேலே ஏற்றினாள். மறுநாள் கட்டியை எடுத்தபோது எதுவும் எழும்பவில்லை.

வியாழக்கிழமை பையர் கடிகாரத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இடப்பக்கத்தில் விரல் நின்றது. யார் செய்தது என்று கேட்டார். டீ டம்ளர்களை எடுக்க வந்த சின்னத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சென்னை ஸ்பெஷலிஸ்ட்," என்றார் ஆறுச்சாமி.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும். பேர் போனால் போகட்டும், மிஷின் வந்தால் சரி என்று டம்ளர்களை எடுக்காமலே நேராகக் கட்டிங் மேஜைக்குப் போனாள்.

அங்கே மிஷின் பக்கத்தில் ஆறுச்சாமியின் மச்சான் மகன் அருண்குமார் நின்றிருந்தான். கத்திக்குக் காவலாகப் போடுகிற இரும்புக் கண்ணிக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஆறுச்சாமி பின்னாலேயே வந்தார்.

"பொம்பள கத்தி மிஷின்ல நின்னா ஆடிட்டுல கேள்வி வரும் கண்ணு. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பூஜைக்கு முன்னாடி அந்தக் கேள்வி வரலியா மொதலாளி?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

சின்னத்தாய் அருண்குமாரைப் பார்த்தாள். மிஷினைப் பிடிக்க வேண்டிய வலது கையில் கையுறை இருந்தது. துணியை அழுத்த வேண்டிய இடது கை வெறுங்கையாகக் கத்திக்குப் பக்கத்தில் இருந்தது.

"கிளவுஸ் எடது கைக்கு தம்பி," என்றாள்.

அவன் மாற்றி மாட்டினான். சின்னத்தாய் துணியை விரிக்கக் குனிந்தபோது முடி அவிழ்ந்து அவள் முகத்தில் விழுந்தது. கை பழக்கத்தில் பிடரிக்குப் போய் கிளிப்பைத் தேடியது. கீழே கிடந்த வேஸ்ட் துணியிலிருந்து ஒரு துண்டை உருவி முடியைக் கட்டிக்கொண்டு, துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.