2.83-ஆல் பெருக்கப்பட்ட மாமனார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானம் போதவில்லை, நடை சரியில்லை என்று என்னிடம் வராதீர்கள். எனக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண், அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்ன விஷயம் இது. பாதியில் உட்கார்ந்து அழுதாள். நான் ஒரு கை மட்டும் தைத்த உடையோடு மரம் மாதிரி நின்றேன்.

முதல் வரியாக எழுதியது: “குளிர்காலத்தின் சாம்பல் நிறக் காலையில், குழாய்களுக்குள் வாயு ஒரு ரகசியத்தைப் போல…”

சீ. அடித்துவிட்டேன். ரகசியமாவது மண்ணாவது. அது மீட்டர் வழியாகத்தான் வந்தது.

2

மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடிவிடாதீர்கள், ஒரே பத்திதான்.

மீட்டர் எண்ணுவது, இந்தக் குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும் குழாயில் எவ்வளவு வாயு உள்ளே வந்தது என்பதை. பில் போடுவதோ அந்த வாயு தந்த வெப்பத்துக்கு, கிலோவாட் மணிக் கணக்கில். ஒன்றை மற்றொன்றாக மாற்றத்தான் பில்லின் பின்பக்கத்தில் அந்தப் பொடி எழுத்துக் கணக்கு. பழைய மீட்டர் நூறு கன அடி, நூறு கன அடியாக எண்ணும், அதை 2.83-ஆல் பெருக்கிக் கன மீட்டராக்க வேண்டும். வாயு குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும் என்பதற்காக ஒரு சின்னத் திருத்தம். அப்புறம் ஒரு கன மீட்டர் எவ்வளவு வெப்பம் தரும் என்ற எண்ணால் பெருக்கி, 3.6-ஆல் வகுத்தால் தீர்ந்தது. புது மீட்டர் நேரடியாகக் கன மீட்டரிலேயே எண்ணும். அதற்கு 2.83 தேவையே இல்லை.

கோடையில் அந்தத் தையல்காரப் பெண் வீட்டுப் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். வாயுக் கம்பெனி அலுவலகக் கணினியில் மட்டும் பழைய மீட்டர் என்றே இருந்தது.

[இதை இப்போதே சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்றார் பதிப்பாசிரியர். போகட்டும். அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது போதாதா? உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.]

3

வீட்டில் மூன்று பேர். அவள், பஸ் ஓட்டும் கணவன், அவனுடைய அப்பா. அப்பா அச்சகத்தில் நின்றே காலம் கழித்து முழங்காலைத் தொலைத்தவர்.

குளிர்காலத்தின் முதல் பில், போன வருஷத்தைப் போல மூன்று மடங்குக்குப் பக்கத்தில் வந்தது. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் யார்? மாமனார். வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்பவர் யார்? அவரேதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

“மாமா, நாள் பூரா ஹீட்டர் ஓடுதா?”

“மத்தியானம் கொஞ்ச நேரம்தாம்மா. முட்டி பிடிச்சுக்குது.”

“கொஞ்ச நேரத்துக்கா இவ்வளவு? யாரு காதுல பூ சுத்தறீங்க?”

கணவனைப் பார்த்தாள். “என்னை எதுக்கு நடுவுல இழுக்கறே?” என்று சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். (இந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இவனுக்கு ஒரு வரி போதும்.)

மறுநாளிலிருந்து பெரியவர் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக உட்கார ஆரம்பித்தார். அடுத்த பில் கொஞ்சம்தான் குறைந்தது. ‘நான் தையல் கடைக்குப் போனதும் போட்டுக்கொள்கிறார்’ என்று முடிவுகட்டி, அவர் அறை ஹீட்டரின் குமிழைக் கழற்றித் தையல் மெஷின் டிராயரில் போட்டுக்கொண்டாள்.

“நல்லதும்மா,” என்றார் அவர். “நானும் ஞாபகமில்லாம போட்டுடுவேன்.”

4

இங்கே எனக்கு ஒரு சங்கடம். இவளை ராட்சசியாக எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, மாதக்கணக்கில் தோள் கொடுத்துக் கழிவறைக்கு நடத்திப் போனவள் இவள்தான். பெற்ற மகன் அல்ல. அவரும் இவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, “அம்மா”தான். இவர்களுக்கு நடுவே யாராலும் நுழைய முடியவில்லை, ஒரு தசம எண்ணைத் தவிர.

இருமல் வந்தது. நாத்தனார் பார்க்க வந்தாள். அப்பாவின் விரல்களைத் தொட்டாள், குமிழ் இல்லாத ஹீட்டரைப் பார்த்தாள்.

“எங்கப்பா என்ன ஃப்ரிட்ஜ்ல வைக்கிற காய்கறியா?”

அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

அவர் இல்லாத மாதத்தின் பில் வந்தது. ஏறக்குறைய அதே தொகை.

பில்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். கவுன்டரில் இருந்தவன் தலை நிமிராமலே தட்டிப் பார்த்தான்.

“பழைய மீட்டர்னு பதிவாகியிருக்கு மேடம். தேவையில்லாம 2.83 பெருக்கியிருக்கு. இப்ப மாத்திட்டேன். கூடுதலா கட்டினது அடுத்த பில்லுல கழிஞ்சிடும்.”

“எங்க மாமா வீட்டை விட்டே போயிட்டாருங்க.”

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல மேடம்.”

நாசமாய்ப் போக! வாயுவுக்குக் குளிரும் என்று தெரிந்து அதற்கு ஒரு திருத்த எண் வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவனுக்குக் குளிரும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை, ஒரு காலி இடம் இல்லை, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்தில் நான் எழுதிய வசவுகள் இரண்டு பக்கம் வரும். அச்சில் ஏறாது.

ஆனால் அவள் அவர்களைத் திட்டவில்லை. “கம்ப்யூட்டர் தப்பு பண்ணுச்சு, சரி. குமிழைக் கழட்டினது நான்தானே?” என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

6

முடிவு ஒன்று: ஓடிப்போய்க் காலில் விழுகிறாள், அவர் தலையைத் தடவுகிறார். (தூ.)

முடிவு இரண்டு: நாத்தனார் கதவை அறைந்து சாத்த, வெளியே மழை…

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். குமிழை எடுத்துப் பழையபடி மாட்டினாள். ஹீட்டரைப் போட்டு, அறை சூடாகும்வரை அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தாள். “இந்தா, நீயே பேசுப்பா” என்று நாத்தனார் அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். இருமல் கேட்டது. இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“பில் வந்துடுச்சாம்மா? நான்தான் அங்க இல்லையே, இப்ப நல்லா குறைஞ்சிருக்குமே?”

குரலில் அவ்வளவு ஆசை.

அவள் என்னிடம் சொன்னது இதுவரைதான். மேலே கேட்க எனக்குத் துணிவில்லை. “குறைஞ்சிருக்கு மாமா” என்றால் அவர் இனி திரும்பி வர மாட்டார். “குறையல மாமா” என்றால், இத்தனை நாள் சும்மாவே விறைத்துக் கிடந்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் எழுதிப் பார்த்த பதிலையெல்லாம் அடித்துவிட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். உங்களுக்கும் வாய் இருக்கிறதே. சொல்லுங்கள்.